ஏறும் முன் இறங்கு

மனித இனம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. நெருப்பை வயிற்றுக்குள்ளும் சக்கரத்தைக் காலுக்குக் கீழும் வைத்துக்கொண்டு, சட்டத்தின் மீது ஒரு கீறல்கூட விழாமல் வீடு வந்து சேரும் முறையைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் தெருவைச் சேர்ந்தது. உலகம் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. உலகத்துக்கு எங்கள் தெரு மீது எப்போதுமே கொஞ்சம் பொறாமை.

நான் வம்பு பேசுகிறவள் அல்ல. முதல் மாடி பால்கனியில் ஒரு செடி வைத்திருக்கிறேன். அதற்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வருவேன், அவ்வளவுதான். கீழே யாராவது பேசிக்கொண்டிருந்தால் அந்தச் செடிக்குத் தாகம் எடுத்துவிடும். நான் என்ன செய்ய முடியும்? வேர் அழுகி அழுகிச் செடியைத்தான் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது.

செடிக்கு அதிகம் தாகம் எடுப்பது எதிர்வீட்டு அண்ணன் வெளியே வரும்போது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் அவர் 'பாதுகாப்பு அதிகாரி'. தொழிற்சாலையில் எப்படியோ, வீட்டில் அவர் பாதுகாப்பு அதிகாரியாக இல்லாத நிமிடமே கிடையாது. பல்பு மாற்ற நாற்காலியில் ஏறினால்கூடத் தலைக்கவசம் அணிவார். கைப்பிடியைப் பிடிக்காமல் அண்ணி மாடிப்படி இறங்கிவிட்டால், மறுபடி மேலே போய் முறைப்படி இறங்கி வரச் சொல்வார். சமையலறையில் 'சூடான பாத்திரம் சூடாக இருக்கும்' என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறார். அண்ணிக்கு அதற்கு முன்னால் அது தெரியாது பாருங்கள்.

"எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கு" என்பது அவர் வாய்ச்சொல். உப்புக்கு ஓர் அளவு, கோபத்துக்கு ஓர் அளவு, மாமனார் வீட்டில் தங்குவதற்கு ஓர் அளவு. அதனால் தெருவில் அவருக்கு 'அளவு அண்ணன்' என்று பெயர். அவர் குடிகாரர் அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடிகாரர் என்றால் குடிக்கிறவர். அண்ணன் 'அருந்துகிறவர்'. குடிகாரர் தள்ளாடுவார், அருந்துகிறவர் கார் ஓட்டுவார்.

இப்படி அருந்துகிறவர்களை ஒன்று சேர்த்து அண்ணன் தொடங்கியதுதான் 'அளவறி மன்றம்'. பல் டாக்டர் ஒருவர், கணக்கு எழுதி ஓய்வு பெற்ற 'கணக்கு சார்', கை தட்டுவதற்கு இன்னும் சிலர். சனிக்கிழமை மதியம், ஊரின் மறுகோடியில் உள்ள ஓர் ஓட்டலின் மாடி அறையில் கூட்டம். பக்கத்திலேயே இடம் இருக்கிறதே என்று கேட்கக் கூடாது. பக்கத்தில் அருந்தினால் நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். அப்புறம் மன்றத்துக்கு என்ன வேலை?

குடும்பச் சூழல் கெடக் கூடாது என்று மனைவிமார்களைக் கீழ்த்தளத்தில் ஐஸ்கிரீமுடன் உட்கார வைப்பார்கள். அண்ணிக்குப் பேச்சுத்துணையாக நானும் போவேன். மாடியில் பேசுவது எந்த மேசைக்கு நன்றாகக் கேட்கிறது என்பதை முதல் நாளே கண்டுபிடித்து, அதையே எங்கள் மேசையாக்கிக்கொண்டேன்.

முதல் கூட்டத்தில் சட்டம் விவாதிக்கப்பட்டது.

"நூறு மில்லி ரத்தத்துல இவ்வளவு மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு சட்டம் சொல்லுது," என்றார் அண்ணன்.

"அதுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சொல்லுது," என்றார் பல் டாக்டர்.

"அவசரப்படாதீங்க டாக்டர். அதுவரைக்கும் இருக்கலாம்னும் சொல்லுதா இல்லையா? அப்போ அது என்ன? சட்டம் நமக்குக் குடுத்த ஒதுக்கீடு! அதை வேண்டாம்னு சொல்ல நாம யாரு?"

கைதட்டல்.

"ஒரு சந்தேகம்," என்றார் கணக்கு சார். "இந்த வாரம் ஒதுக்கீட்டை முழுசா உபயோகிக்கலைன்னா, மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கிட்டுப் போகலாமா?"

"பரிசீலிக்கப்படும்."

இதற்காகவே அண்ணன் ஒரு மூச்சுக் கருவி வாங்கினார். வாயில் வைத்து ஊதினால் ரத்தத்தில் எவ்வளவு என்று எண் காட்டும். எதையும் ஊதிப் பெரிதாக்குகிறவள் என்று தெருவில் என்னைச் சொல்வார்கள். மன்றத்தார் ஊதினால் எல்லாம் சிறிதாகவே வந்தது. அதுதான் படித்தவர்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம். எல்லைக்கு மிகவும் கீழே எண் வந்தவரைப் பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பார்ப்பதுபோல மற்றவர்கள் பார்ப்பார்கள். "என்னங்க, பாதிதான் வந்திருக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா?" அவர் வெட்கப்பட்டு இன்னொரு குவளை கேட்பார்.

மன்றத்தில் அறிவியல் ஆறாக ஓடியது. உடம்பு எடை கூடினால் அதே அளவு மதுவுக்கு எண் சற்றுக் குறைவாக வரும் என்று பல் டாக்டர் சொன்ன வாரத்திலிருந்து கணக்கு சார் 'சாலைப் பாதுகாப்பை முன்னிட்டு' இரண்டு வேளைச் சாப்பாட்டை நான்கு வேளையாக்கினார். காப்பி, எலுமிச்சைச் சாறு, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் ரத்தத்தில் ஏறியதைக் குறைக்காது, கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும் என்றும் டாக்டர் சொன்னார்.

"அதாவது அரசாங்க ஆபீஸ் மாதிரி," என்றார் கணக்கு சார். "நாம அவசரப்பட்டா ஆகாது."

"அதேதான். மேசையில எத்தனை கோப்பு குவிஞ்சாலும் ஒண்ணு ஒண்ணாத்தான் பார்க்கும்."

"அப்போ கோப்பைக் குவிக்காம இருக்கணும்," என்று ஒருவர் எழுந்து சொன்னார். அவர் அடுத்த வாரம் வரவில்லை. மன்றத்தின் அடிப்படை நோக்கங்களுக்கு அவர் ஒத்துவரமாட்டார் என்று தீர்மானமாயிற்று.

வரலாறு படைத்த அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். பல் டாக்டர் வறுத்த கடலையை மென்றுகொண்டே போகிற போக்கில் சொன்னார்:

"குடிச்ச உடனே ரத்தத்துல ஏறிடாது. வயித்துலேருந்து போய் முழுசா ஏற அரைமணி, ஒரு மணி, அதுக்கு மேலகூட ஆகும். அதனால இப்ப ஊதிப் பார்த்துட்டுக் கிளம்பினா, போகப் போக ஏறிக்கிட்டேதான் இருக்கும். அதுதான் ஆபத்து."

என் கையில் ஐஸ்கிரீம் உருகியது. மேலேயிருந்து அண்ணனின் குரல் வந்தது:

"அப்போ... ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிட்டா?"

ஆப்பிள் விழுந்தபோது அதைப் பார்த்தவர் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். எத்தனை எளிமை! உலகம் முழுவதும் மூடர்கள் குடித்துவிட்டு மெதுவாக ஓட்டுகிறார்கள். மெதுவாக ஓட்டினால் வழியிலேயே ஏறிவிடாதா? வேகமாக ஓட்ட வேண்டும். ஏறுவதற்குள் வாசலில் இறங்கிவிட வேண்டும். அப்புறம் எவ்வளவு ஏறினால் என்ன? சோபாவுக்கு ஏது சட்டம்?

"நான் அப்படிச் சொல்லலையே..." என்றார் பல் டாக்டர். அவரது அடக்கத்தை மன்றம் பாராட்டியது.

ஒரே ஒரு சிக்கல். குடித்தவுடன் ஊதினால் வாயில் ஒட்டியிருக்கும் மதுவால் எண் கன்னாபின்னாவென்று வரும். வாய் காய்வதற்குக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். வாய் காய்ந்ததற்கும் ரத்தத்தில் ஏறுவதற்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதுக்கு அண்ணன் 'பொன்னான நேரம்' என்று பெயர் வைத்தார். அதற்குள் ஊதி, எண்ணைக் காட்டி, சாவியை வாங்கி, பறந்துவிட வேண்டும். காரின் பின்கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் வாசகம் ஏறியது: 'ஏறும் முன் இறங்கு.' பார்த்தவர்கள் பேருந்துப் பயணிகளுக்கான அறிவுரை என்று நினைத்துக்கொண்டார்கள்.

சாவியை வாங்கி என்றேன் அல்லவா, அதையும் விளக்க வேண்டும். அருந்துகிறவரின் சட்டைப்பையில் சாவி இருக்கக் கூடாது என்பது மன்றத்தின் பாதுகாப்பு விதி. மேலே போகுமுன் மனைவியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கீழே வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் சாவி மிகவும் பத்திரமாக இருந்தது. ஆபத்து முழுவதும் அதற்கு அப்புறம்தான்.

அண்ணிக்குக் கார் ஓட்டத் தெரியும். முறையாகப் பயிற்சிக்குப் போய் உரிமமும் வாங்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை கைப்பையை இறுக்கிக்கொண்டு கேட்டே விட்டார்.

"இன்னிக்கு நான் ஓட்டுறேனே."

"நீயா?" அண்ணன் சிரித்தார். "பாதுகாப்பு விஷயத்துல நான் ரிஸ்க் எடுக்கறதில்லைம்மா."

"சாவி தர மாட்டேன்."

மன்றத்தார் மொத்தப் பேரும் படிக்கட்டில் நின்று பார்த்தார்கள். அண்ணன் குரலை உயர்த்தினார். கோபத்துக்கு அவர் வைத்திருந்த அளவு அன்று கொஞ்சம் பெரியது. ஐஸ்கிரீம் கொண்டுவந்தவர் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். அண்ணி பையைத் திறந்து சாவியைக் கொடுத்தார். அன்று திரும்பும் வழியில் எங்கள் தெருமுனைக் குப்பைத்தொட்டி தட்டையாயிற்று. தொட்டி 'பாதுகாப்பற்ற இடத்தில்' வைக்கப்பட்டிருந்தது என்று அண்ணன் நகராட்சிக்குப் புகார் எழுதினார். நகராட்சி தொட்டியை இடம் மாற்றியது.

தொட்டி இருந்த இடத்துக்கு நாலடி தள்ளி, நடைபாதையில் பெரிய கறுப்புக் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் சாவிக்காரர். பூட்டுத் திறப்பார், மாற்றுச் சாவி அரத்தால் ராவிக் கொடுப்பார். பின்னால் ஒரு பலகையில் நூற்றுக்கணக்கான சாவிகள் தொங்கும். காற்றடித்தால் கலகலவென்று சிரிக்கும். நகராட்சி குப்பைத்தொட்டியைத்தான் இடம் மாற்றியது. அவரை யாரும் பாதுகாப்பற்ற இடத்தில் இருப்பதாக நினைக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் அண்ணி அவரிடம் போய் நின்றார். அந்த நேரம் பார்த்து என் கொடியிலிருந்து ஒரு துணி பறந்து குடைக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. காற்று இல்லாவிட்டால் என்ன, நான் தள்ளிவிட்டேன்.

"அண்ணே, இந்தக் கார் சாவி மாதிரியே இன்னொண்ணு வேணும்," என்றார் அண்ணி. "பழைய வண்டிதான். பார்க்க அச்சு அசலா இதே மாதிரி இருக்கணும். ஆனா வண்டி கிளம்பக் கூடாது."

சாவிக்காரர் காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டார். "கிளம்பணும்னா சொன்னீங்க?"

"கிளம்பக் கூடாது. உள்ள போகணும், திரும்பக் கூடாது."

"திரும்பாததுக்குப் பேரு சாவி இல்லம்மா. ஆணி."

"ஆணியாவே இருக்கட்டும். செஞ்சு குடுங்க."

"எதுக்கும்மா?"

அண்ணி சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். "என்னிக்காவது ஒருத்தர் மேல ஏத்திடுவாருண்ணே. சாவியைக் குடுக்க மாட்டேன்னா நாலு பேர் முன்னாடி கத்துறார். குடுத்த மாதிரியும் இருக்கணும், வண்டி நகரவும் கூடாது. கொஞ்ச நேரம் முட்டிப் பார்த்துட்டு, வண்டி ரிப்பேர்னு வாடகை வண்டி பிடிப்பார். எனக்கு அது போதும்."

சாவிக்காரர் சாவியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கையால தப்பா ஒரு சாவி இதுவரைக்கும் போனதில்லம்மா. வேற யாருகிட்டயாவது..."

"வேற யாரை எனக்குத் தெரியும்?"

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, வெள்ளிக்கிழமை வாங்க. ஒரே ஒரு பல்லை மட்டும் அதிகமா ராவிடறேன். யார்கிட்டயும் நான் செஞ்சேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. தொழில் போயிடும்."

நான் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ரகசியம் அது ஒன்றுதான். அதற்கு இப்படி ஒரு பலன்.

சனிக்கிழமை வந்தது. மாடியில் மன்றம். கீழே அண்ணி மிக அமைதியாக இருந்தார். அத்தனை வாரமும் உருகிப்போன ஐஸ்கிரீமை அன்றுதான் ரசித்துச் சாப்பிட்டார், இன்னொன்றுகூடக் கேட்டார். பையில் இரண்டு சாவிகள். மேலேயிருந்து "பொன்னான நேரம்!" என்று குரல் வந்தது. தடதடவென்று இறங்கினார்கள். அண்ணன் ஊதினார், எண்ணைப் பார்த்தார், எங்களுக்கும் காட்டினார். எல்லைக்கு ஒரு மயிரிழை கீழே.

"சாவி," என்றார்.

அண்ணி புதுச் சாவியைக் கொடுத்தார். எவ்வளவு பணிவு! மன்றத்தார் தங்கள் மனைவிமார்களைத் திரும்பிப் பார்த்தார்கள்: கற்றுக்கொள் என்பதுபோல.

காரில் ஏறினோம். "பெல்ட் போட்டாச்சா? பின்னாடியும் போடணும். பாதுகாப்புதான் முதல்ல," என்றார் அண்ணன். அண்ணி எனக்கு மட்டும் தெரியும்படி லேசாகச் சிரித்தார். அண்ணன் சாவியை நுழைத்தார். திருப்பினார்.

வெண்ணெயில் கத்தி போவதுபோலச் சாவி திரும்பியது. பழைய சாவிக்குக்கூட இரண்டு மூன்று முறை முக்கி முனகும் வண்டி, ஒரே திருப்பில் உறுமி எழுந்தது.

அண்ணியின் முகத்தை நான் கண்ணாடியில் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"நிறுத்துங்க. நான் இறங்கணும்," என்றார்.

"இறங்கத்தானே போறோம்! ஏறும் முன் இறங்கு!" அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தார். ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் வேகமுள்ளில். சாலைக்கென்று தனியாக ஒரு கண் ஒதுக்கும் வசதியைக் கடவுள் மனிதனுக்குச் செய்து கொடுக்கவில்லை. அண்ணி கெஞ்சினார், அப்புறம் கத்தினார், அப்புறம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கைப்பிடியைப் பிடிக்கும் விஷயத்தில் அண்ணனுக்குத் திருப்தி.

எங்கள் தெருமுனையில் வெயில் சாய்ந்திருந்தது. சாவிக்காரர் எழுந்து நின்று குடையை நிழலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு ஏறுவதற்கு முன்னால் வண்டி ஏறிவிட்டது.

கலகலவென்று ஒரு சத்தம். தெரு முழுக்கச் சாவிகள். வெயிலில் மினுக்கிக்கொண்டு கிடந்த அத்தனை சாவிகளுக்கு நடுவில் அவர் கிடந்தார், ஒரு கால் சக்கரத்துக்கு அடியில். எங்களுக்குப் பெல்ட் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. அண்ணி இறங்கி ஓடினார். நான் இறங்கி அலறினேன். பாதுகாப்பு அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? பதறவில்லை. விபத்து நடந்த இடத்தில் முதலில் செய்ய வேண்டியதைச் செய்தார். மூச்சுக் கருவியை எடுத்து ஊதினார். எண்ணைக் கூட்டத்துக்குக் காட்டினார். கீழே கிடந்தவரிடமும் குனிந்து காட்டினார்.

"பாருங்க, அளவுக்குள்ளதான் இருக்கேன்."

சாவிக்காரர் அந்த நேரத்தில் எண்களைப் படிக்கும் நிலையில் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். அண்ணி சாவிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் உதடு அசைந்தது. குனிந்து கேட்டோம்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. நீங்க சொன்ன மாதிரி தப்பாத்தான் ராவினேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரல. காலையில... வேற ஒண்ணு செஞ்சு... சரியாவே குடுத்துட்டேன்." மூச்சு வாங்கியது. "நல்லாத் திரும்பிச்சா?"

அண்ணி தலையை ஆட்டினார். "நல்லாத் திரும்பிச்சுண்ணே."

அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.

சற்று நேரத்தில் நர்ஸ் வெளியே வந்தார். "நிறைய ரத்தம் போயிருக்கு. உடனே ரத்தம் ஏத்தணும். யாரெல்லாம் குடுக்கறீங்க?"

அதற்குள் செய்தி கேட்டு மன்றம் முழுவதும் வந்து சேர்ந்திருந்தது. ஆளுக்கொரு காரில், ஏறுவதற்குள் வந்துவிட வேண்டுமென்று பறந்து வந்திருந்தார்கள். நல்ல மனசு. சட்டைக் கைகளை மடித்துவிட்டு வரிசையாக நின்றார்கள். கணக்கு சார்தான் முதலில் கையை நீட்டினார்.

"குடிச்சிருக்கீங்களா?" நர்ஸ் மூக்கைச் சுளித்தார்.

"அளவுக்குள்ளதான் சிஸ்டர்."

"நீங்க?"

"நானும் அளவுக்குள்ளதான்."

"அவரு?"

"எங்க மன்றத்துல எல்லாருமே அளவுக்குள்ளதான். வேணும்னா ஊதிக் காட்டறோம்."

"ஊத வேண்டாம். தள்ளி நில்லுங்க," என்றார் நர்ஸ். "இது வண்டி இல்ல, மனுஷன். இதுக்கு அளவு சைபர்."

சட்டைக் கைகளை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். அண்ணியும் நானும்தான் உள்ளே போனோம். ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்களின் ரத்தத்துக்கு அந்த மாலையில் எவ்வளவு மரியாதை!

நான் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தபோது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். அவரும் ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். அண்ணன் ஊதினார். எண் எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிற்று.

அண்ணன் கலங்கவில்லை. மன்றம் அவர் பின்னால் நின்றது.

"இது இப்ப ஏறினது சார்," என்றார். "அறிவியல்படி, வண்டி ஓட்டும்போது எனக்கு ஏறவே இல்லை. இங்க பெஞ்சுல உக்காந்திருக்கும்போதுதான் ஏறிச்சு. சம்பவம் நடந்த அந்த நேரத்துல நான் முழுத் தெளிவோட, சட்டத்துக்கு உட்பட்டு, அளவுக்குள்ள இருந்தேன். என் கருவியில எண் இருக்கு. இத்தனை பேர் சாட்சி."

மன்றத்தார் தலையை ஆட்டினார்கள். பல் டாக்டர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "அப்போ போதையில இல்லை?"

"துளிகூட இல்லை."

"முழுத் தெளிவா இருந்தீங்க?"

"முழுத் தெளிவு."

"சரி. அப்படின்னா தெரிஞ்சேதான் ஒரு மனுஷன் மேல ஏத்தினீங்க. அப்படியே எழுதிக்கறேன்."

எங்கள் தெருவின் அறிவியல் வரலாற்றில் முதல் முறையாக அண்ணன் கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மன்றத்தாரைத் திரும்பிப் பார்த்தார். மன்றத்தார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கணக்கு சார் ஏதோ கூட்டிக் கழித்து அண்ணன் காதில் முணுமுணுத்தார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார்... இந்த ரெண்டுல எதுக்குத் தண்டனை அளவு கம்மி?"

அண்ணன் அண்ணன்தான். அந்த நேரத்திலும் அளவைத்தான் கேட்டார்.

அண்ணி பையிலிருந்த பழைய சாவியை எடுத்து இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்த மேசை மீது, அண்ணனிடமிருந்து அவர் வாங்கி வைத்திருந்த புதுச் சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அறுவை சிகிச்சை அறையின் கதவருகே போய் நின்றார். கதவு சற்றுத் திறந்திருந்தது. கேட்கிற இடம் எது என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நானும் போய் நின்றேன். உள்ளே டாக்டர்களும் ஓர் அளவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்: முட்டிக்குக் கீழேயா, மேலேயா.

அந்த அளவை மட்டும் மன்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை.